பூனைகளும் வீட்டு இசையும்

வீட்டுப் பூனைகள் இசைக்குக் காட்டும் எதிர்வினைகள், அவற்றின் செவித்திறன், அவற்றுக்கென்றே இயற்றப்பட்ட இசை, இசையைக் கொண்டு அவற்றின் அச்சத்தைத் தணிக்கும் முயற்சிகள் ஆகியவை விலங்கு நடத்தையியலும் கால்நடை மருத்துவமும் சந்திக்கும் ஒரு சிறிய ஆய்வுப் புலம். நாய்களைப் பற்றி நடந்த அளவுக்குப் பூனைகளைப் பற்றி இத்தகைய ஆய்வுகள் நடக்கவில்லை. நடந்தவற்றுள் முக்கியமானவை 2015-ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் வெளிவந்தவை. ஒவ்வொன்றும் சில பத்துப் பூனைகளுக்கு மேல் கண்டதில்லை. ஆயினும் அவற்றின் முடிவுகள் ஒரே பக்கம் சாய்கின்றன. மனிதர் தமக்காக ஆக்கிக்கொண்ட இசையைப் பூனை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. தன் இனத்தின் குரலையும் வேகத்தையும் ஒட்டி அமைந்த ஒலியைத் திரும்பிப் பார்க்கிறது, சில வேளை தேடியும் வருகிறது. பூனைக்கு எந்த இசை பிடிக்கும் என்ற கேள்விக்கு விடை தேடுவோர் இசைத்தட்டுகளை விட்டுவிட்டுப் பூனையின் காதிலிருந்து தொடங்குவதே சரி.

செவியின் எல்லைகள்

பூனையின் செவி 48 ஹெர்ட்ஸ் முதல் 85,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ரிக்கி ஹெஃப்னரும் ஹென்றி ஹெஃப்னரும் 1985-இல் வெளியிட்ட அளவீடு இது. 70 டெசிபல் உரப்பில் ஒலியெழுப்பி அளந்தார்கள். இசைக் கணக்கில் இது பத்தரை ஸ்தாயிக்குச் சற்று மேல். மனிதச் செவிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்; அது சுமார் பத்து ஸ்தாயி. ஆக, அகலத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு இருப்பிடத்தில் இருக்கிறது. நம் கேள்வி முடியும் இடத்துக்கு மேலும் இரண்டு ஸ்தாயி பூனைக்குத் திறந்திருக்கிறது. கூர்மையான காதுக்குப் பேர்போன நாய்கூட 45,000 ஹெர்ட்ஸ் அளவில் நின்றுவிடுகிறது.

காரணம் இரை. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனியே வேட்டையாடுவது. அதன் முதன்மை உணவு எலி, சுண்டெலி போன்ற கொறிணிகள். சுண்டெலிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒலிகள் பல 40,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை. நமக்கு முழு அமைதியாகத் தோன்றும் வைக்கோற்போரில் பூனை உரையாடலைக் கேட்கிறது. உயர்சுருதிக்குச் சென்ற விலங்குகள் பல தாழ்சுருதியை இழந்துவிட்டன, பூனை இழக்கவில்லை. அதன் நடுச்செவியை ஒட்டிய எலும்புக் குமிழ் பெரியது. அது ஆழ்ந்த ஒலிகளைப் பெறத் துணைசெய்கிறது. புல்லில் எலி நடக்கும் சலசலப்பும் எலியின் மேல்சுருதிக் கீச்சொலியும் ஒரே காதில் விழவேண்டும் என்பதே அதன் வாழ்க்கையின் தேவை.

இதனால் வீட்டில் ஒலிக்கும் இசையைப் பற்றி ஒன்று உறுதியாகச் சொல்லலாம். குறுந்தகடு ஒன்றில் நொடிக்கு 44,100 மாதிரிகள் பதிவாகின்றன. அதில் அடங்கக்கூடிய மிக உயர்ந்த ஒலி 22,050 ஹெர்ட்ஸ். கைபேசியில் கேட்கும் சுருக்கப்பட்ட பதிவுகள் பல அதற்கும் கீழேயே வெட்டப்பட்டவை. மனிதனுக்குக் கேட்காததைச் சேமிப்பது வீண் என்று கருதி அமைத்த தொழில்நுட்பம் இது. ஆகவே நமக்கு நிறைவாகத் தோன்றும் கச்சேரிப் பதிவில் பூனையின் மேலிரண்டு ஸ்தாயிகள் வெறுமையாக இருக்கின்றன. அதே அறையில் நேரடியாக வாசிக்கப்படும் வயலினோ சலங்கையோ தாளமோ அந்த உயரத்திலும் ஒலியெழுப்பக்கூடும். பதிவும் நேரிசையும் பூனைக்கு ஒன்றல்ல.

பூனைக்கு எல்லா ஒலியும் நமக்குக் கேட்பதைவிடப் பன்மடங்கு உரக்கக் கேட்கும் என்று பரவலாகச் சொல்லப்படுவது அப்படியே உண்மையல்ல. தாழ்ந்த, நடுத்தரச் சுருதிகளில் மெல்லிய ஒலியைப் பிடிக்கும் திறன் இருவருக்கும் மிகவும் வேறுபட்டதல்ல. பூனையின் செவி மிகக் கூர்மையாக இருப்பது 8,000 ஹெர்ட்ஸ் அருகில். அங்கிருந்து மேலே போகப்போகத்தான் நம்மை விட்டு விலகுகிறது. மிருதங்கத்தின் தொப்பிப்பக்க முழக்கத்தைக் காட்டிலும் ஜாலராவின் ஒலி அதன் காதை அதிகம் தாக்கும் என்று இதிலிருந்து கருத இடமுண்டு.

வெளிக்காதுகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏறத்தாழ 180 பாகை திருப்பப் பூனையால் முடியும். மனிதக் காதுமடலின் தசைகள் பெரும்பாலும் பயனற்றுப்போனவை. பூனையின் மடலை இருபதுக்கும் மேற்பட்ட தசைகள் இயக்குகின்றன. தூங்குவதுபோல் கண்மூடிக் கிடக்கும் பூனையின் ஒரு காது மட்டும் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினால், அது கேட்டுக்கொண்டிருக்கிறது. பூனையின் இசைக்கேள்வியில் வெளியே தெரியும் முதல் அசைவும் பெரும்பாலும் அதுவே.

பிறந்தபின் கேட்கும் உலகம்

பூனைக்குட்டி செவி மூடிய நிலையில் பிறக்கிறது. காதின் துளை முதல் இரண்டு வாரத்துக்குள் மெல்லத் திறக்கிறது. அதன் மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி தாயின் வயிற்றுக்கு வெளியே, உடன்பிறந்த குட்டிகளின் நடுவே, மடியருகில் நிகழ்கிறது. மனிதக் குழந்தையோ கருவின் கடைசி மாதங்களிலேயே தாயின் இதயத்துடிப்பையும் குரலையும் கேட்கத் தொடங்கிவிடுகிறது. பூனைக்கான இசையை இயற்ற வந்தவர்கள் பிடித்துக்கொண்ட நூல் இந்த வேறுபாடுதான்.

குட்டி முதலில் அறியும் ஒலிகளில் தாயின் குர்குர் ஒலி முக்கியமானது. அதன் அடிப்படை அதிர்வு நொடிக்கு 20 முதல் 30 வரை. செவி திறவாத குட்டி அதைக் காதால் அறிவதற்கு முன் உடலால் அறிகிறது. இந்த ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதில் நெடுங்காலமாக ஒரே விளக்கம் வழங்கிவந்தது: மூளையின் கட்டளையால் தொண்டைத் தசைகள் இடைவிடாது சுருங்கி விரிகின்றன என்று. வியன்னா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் குழுவினர் 2023-இல் இதை அசைத்தார்கள். நோயால் இறந்த எட்டு வீட்டுப்பூனைகளின் குரல்வளைகளை எடுத்து அவற்றினூடே காற்றைச் செலுத்தியபோது, நரம்புத் தூண்டல் எதுவுமின்றி 25 முதல் 30 ஹெர்ட்ஸ் ஒலி பிறந்தது. குரல்நாண்களுக்குள் பதிந்துள்ள திசுத் திண்டுகள் அவற்றைக் கனமாக்கி, சிறிய விலங்கிடமிருந்து இவ்வளவு தாழ்ந்த ஒலி வர வழிசெய்கின்றன என்பது அவர்கள் கருத்து.

குர்குர் ஒலியை எப்போதும் இன்பத்தின் அடையாளமாகக் கொள்ளலாகாது. வலியிலும் அச்சத்திலும் பிரசவத்திலும் பூனை அப்படி ஒலிக்கும். பசித்தபோது எழுப்பும் குர்குரில் வேறொன்றும் கலந்திருப்பதை சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் 2009-இல் காட்டினார். அந்த ஆழ்ந்த ஒலிக்குள் குழந்தை அழுகையை நினைவூட்டும் ஓர் உயர்சுருதிக் கூறு பொதிந்திருக்கிறது. பூனை வளர்த்துப் பழகாதவர்கள்கூட அதை அவசரமான கோரிக்கையாக உணர்ந்தார்கள். மியாவ் என்ற குரலோ பெரும்பாலும் மனிதரை நோக்கியது. வளர்ந்த பூனைகள் தமக்குள் அதை மிக அரிதாகவே பயன்படுத்துகின்றன. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஒலியியல் அறிஞர் சுசன்னே ஷோட்ஸ் 2016 முதல் நடத்திய ஆய்வுத்திட்டம் இந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை, அதாவது அதன் மெட்டை, ஆராய்ந்தது. உணவு கேட்கும்போது மியாவின் கடைசி மேலே ஏறுவதும் மருத்துவரிடம் கொண்டுசெல்லும்போது கீழே சரிவதும் அவர் கவனித்தவற்றுள் அடங்கும். ஒரே நிலையில் நின்று ஒலிக்கும் சுரம் பூனையின் பேச்சில் குறைவு. அது சறுக்கிக்கொண்டே போகும் குரல்.

பூனைக்கென்று இயற்றிய இசை

இந்தப் புலத்தின் மையத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒருவர் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் விலங்குத் தொடர்பாடலை ஆராய்ந்த உளவியலாளர் சார்லஸ் ஸ்னோடன். மற்றவர் வாஷிங்டனின் நேஷனல் சிம்பொனி இசைக்குழுவில் செல்லோ வாசித்த டேவிட் டை. மனித இசை ஏன் மனிதரை உருக்குகிறது என்பதற்கு டை ஒரு கருதுகோள் வைத்திருந்தார். கருவில் கேட்ட இதயத்துடிப்பும் தாய்க்குரலும் நம் தாளத்துக்கும் மெட்டுக்கும் அடியில் இருக்கின்றன. அப்படியானால் வேறு விலங்குக்கு அதன் சொந்தத் தொடக்க ஒலிகளிலிருந்து இசை செய்ய முடியவேண்டும் என்பது அவர் வாதம்.

முதற்சோதனை குரங்குகளிடம் நடந்தது. 2007-இல் ஜோஷ் மெக்டெர்மாட், மார்க் ஹவுசர் ஆகிய இருவரும் டாமரின், மார்மொசெட் என்னும் சிறு குரங்குகளுக்கு இசையா அமைதியா என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பளித்தபோது அவை அமைதியையே தேர்ந்தெடுத்தன. ஸ்னோடனும் டையும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் டாமரின்களின் சொந்தக் குரல்களின் சுருதியையும் வேகத்தையும் கொண்டு செல்லோவில் இசை அமைத்தார்கள். அச்சுறுத்தும் குரல்களை ஒட்டிய இசைக்குக் குரங்குகள் பதற்றமடைந்தன. இணக்கக் குரல்களை ஒட்டிய இசைக்கு அமைதியுற்றன. மனித இசை அவற்றைப் பெரிதும் அசைக்கவில்லை.

அடுத்தது பூனை. ஸ்னோடன், டை, மேகன் சாவேஜ் மூவரும் எழுதிய கட்டுரை 2015-இல் விலங்கு நடத்தையியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. இதன் சிறப்பு, சோதனை கூண்டிலோ ஆய்வகத்திலோ நடக்கவில்லை என்பது. 47 பூனைகளை அவற்றின் வீட்டிலேயே, வளர்ப்பவர் அருகில் இருக்க, ஆய்வாளர்கள் சென்று பார்த்தார்கள். பழகாத இடத்தில் ஒடுங்கிவிடும் இயல்புள்ள விலங்குக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது. மனித இசைக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள்: ஃபோரேயின் செல்லோ எலிஜி, பாக்கின் ஏர். பூனைகளுக்கானவையாக டை இயற்றிய துண்டுகள்: ஒன்று குர்குர் ஒலியின் வேகத்தை அடித்தளமாகக் கொண்டது, இன்னொன்று குட்டி பால் சப்பும் வேகத்தை. மேலே ஓடும் மெட்டு மனிதக் குரலின் எல்லையைவிட உயர்ந்த சுருதியில், சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் நடையில் இருந்தது. நம் இசையில் ஜாரு என்று சொல்லும் வழுக்கலைப் பழகியவர்களுக்கு அதன் சாயல் புரியும்.

பூனை தலையைத் திருப்புகிறதா, ஒலிபெருக்கியை நோக்கி நடக்கிறதா, அதை மோந்து பார்க்கிறதா, அதன்மேல் உரசுகிறதா, குர்குர் என்கிறதா என்று பதிவுசெய்தார்கள். மயிர் சிலிர்த்தல், சீறல், அறையை விட்டு ஓடல் ஆகியவையும் குறிக்கப்பட்டன. பூனை இசை ஒலித்தபோது ஒரு பூனை காட்டிய விருப்பச் செயல்களின் இடைநிலை எண்ணிக்கை 1.5, மனித இசைக்கு 0.25. எதிர்வினை வருவதற்கு ஆன நேரம் பூனை இசைக்கு 110 நொடி, மனித இசைக்கு ஏறத்தாழ 172 நொடி. இளம் பூனைகளும் முதிய பூனைகளும் நடுவயதுப் பூனைகளைக் காட்டிலும் அதிகம் அசைந்தன. மனித இசை அவற்றுக்கு வெறுப்பூட்டியதாகவும் தெரியவில்லை. அது பெரும்பாலும் கவனத்துக்கே வரவில்லை.

இந்த முடிவை எடைபோடும்போது சிலவற்றை மறக்கக் கூடாது. இசையை இயற்றியவரே ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர். அவர் அந்த இசையை விற்கவும் செய்தார். மனித இசை என்று இரண்டே துண்டுகள், அவையும் மெதுவான மேற்கத்தியச் செவ்வியல் இசை. ஒரு நாகஸ்வர ஆலாபனையையோ ஒரு தாலாட்டையோ யாரும் வைத்துப் பார்க்கவில்லை. மேலும் ஒலிபெருக்கியை மோந்து பார்ப்பது ரசனையாகவும் இருக்கலாம், உள்ளே எந்தப் பிராணி என்ற ஆர்வமாகவும் இருக்கலாம். குர்குரையும் கீச்சொலியையும் நினைவூட்டும் ஒன்றை நோக்கிப் பூனை செல்வதை இசை விருப்பம் என்று சொல்ல முடியுமா என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. ஆனால் உரசல் வேறு கதை. பூனை தன் கன்னத்து மணத்தைப் பழகிய, பாதுகாப்பான பொருள்களின்மீதும் மனிதர்மீதும் பூசும். ஒலித்துக்கொண்டிருக்கும் பெட்டியின்மீது அதைப் பூசியது என்றால் அந்த ஒலியை அது தன் வட்டத்துக்குள் ஏற்றுக்கொண்டது என்று பொருள்கொள்வதே எனக்கு நேர்மையான வாசிப்பாகப் படுகிறது.

டை பின்னர் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். இரண்டு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. யுனிவர்சல் மியூசிக் நிறுவனம் 2016-இல் அவருடைய பூனை இசைத் தொகுப்பை வெளியிட்டது. 2020-இன் தொடக்கத்தில் ஸ்பாட்டிஃபை செல்லப்பிராணிகளுக்குப் பாடல் வரிசை தொகுத்துத் தரும் வசதியைக் கொண்டுவந்தது. அது மனிதப் பாடல்களைப் பிராணியின் குணத்துக்கேற்ப வரிசைப்படுத்துவது. டையின் முயற்சியோடு அதை ஒன்றாக எண்ணக் கூடாது.

மருத்துவமனையில் இசை

லிஸ்பனில் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு வந்த 12 பெண்பூனைகளுக்கு மயக்க நிலையில் ஹெட்ஃபோன் மாட்டி இசை கேட்கச் செய்த ஆய்வு 2015-இல் முதலில் வெளிவந்தது. சாமுவேல் பார்பரின் அடாஜியோ, நடாலி இம்ப்ரூக்லியா பாடிய டோர்ன், ஏசி/டிசி குழுவின் தண்டர்ஸ்ட்ரக் என மூன்று துண்டுகள். மூச்சு வேகமும் கண்மணியின் விரிவும் பார்பருக்கு மிகக் குறைவாகவும் ஏசி/டிசிக்கு மிக அதிகமாகவும் பாப் பாடலுக்கு நடுவிலும் இருந்தன. மயக்கத்தில் இருக்கும் பூனையின் மூளையும் ஒலியை முழுதாக விட்டுவிடுவதில்லை என்பது இதில் தெரிகிறது. இங்கே மனித இசையே வேலை செய்திருக்கிறதே என்று கேட்கலாம். செய்தது, ஆனால் அளந்தது உடலின் கிளர்ச்சியை, விருப்பத்தை அல்ல. திடீர் முழக்கமும் அழுத்தமான தாளமும் எந்தப் பாலூட்டியையும் கிளறும்.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வீட்டுப்பூனை வளர்ப்போருக்கு இன்னும் நெருக்கமானது. 20 பூனைகளை இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை மருத்துவமனைக்கு வரவழைத்தார்கள். ஒருமுறை அமைதி, ஒருமுறை ஃபோரேயின் எலிஜி, ஒருமுறை டையின் பூனை இசை. ஒவ்வொன்றும் 20 நிமிடம். மருத்துவர் தொட்டுப் பார்க்கும் நேரத்தில் பூனை இசை கேட்டவை மற்ற இரு நிலைகளைவிடக் குறைந்த அழுத்தத்தோடு இருந்தன, கையாளவும் எளிதாக இருந்தன. இரத்தத்தில் வெள்ளணுக்களின் விகிதத்தைப் பார்த்தபோது மட்டும் வேறுபாடு தென்படவில்லை. 20 நிமிடத்தில் அந்த விகிதம் மாறிவிடும் என்று எதிர்பார்ப்பதே அதிகம் என்றும் கொள்ளலாம்.

வளர்ப்பவரின் குரல்

வீட்டில் பூனை கேட்கும் இசையில் பெரும்பங்கு, வேலை செய்தபடி ஒருவர் முணுமுணுக்கும் பாட்டு. அதைக் கேட்டுப் பூனை ஓடிவந்து மடியில் ஏறினால் அது பாட்டுக்கா, பாடுபவருக்கா? ஜப்பானின் அத்சுகோ சைத்தோவும் கசுதகா ஷினோசுகாவும் 2013-இல் 20 பூனைகளுக்கு அந்நியர் குரல்களின் இடையே வளர்ப்பவரின் குரலையும் ஒலிக்கச் செய்தார்கள். பூனைகள் அதைப் பிரித்தறிந்தன. ஆனால் அதைக் காட்டியது காதையும் தலையையும் திருப்பித்தான், குரல் கொடுத்தோ எழுந்து வந்தோ அல்ல. தன் பெயரையும் பூனை பிற சொற்களிலிருந்து பிரித்தறியும் என்று சைத்தோ 2019-இல் நிறுவினார். பாரிஸ் நான்தேர் பல்கலைக்கழகத்தின் ஷார்லோத் த மூசோன் 2022-இல் 16 பூனைகளிடம் கண்டது இன்னும் நுட்பமானது. வளர்ப்பவர் மற்றவரிடம் பேசும் குரலிலிருந்து தன்னிடம் கொஞ்சும் குரலுக்கு மாறியதும் பூனை கவனித்தது. அந்நியர் அதே கொஞ்சலைச் செய்தபோது அசையவில்லை.

பூனையிடம் கொஞ்சும்போது நாம் அறியாமலே சுருதியை ஏற்றுகிறோம், சொற்களை இழுக்கிறோம், குரலை வளைக்கிறோம். மேலே கண்ட பூனை இசையின் இலக்கணமும் அதுவே. ஒருவர் தன் பூனைக்குத் தாலாட்டுப் பாடினால் அதற்கு அவர் குரல் கிடைக்கிறது, வழுக்கும் சுரங்கள் கிடைக்கின்றன, அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரமும் கிடைக்கிறது. இவற்றைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வு வரும்வரை, பாடுவதை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை.

விருப்பத்தை அறிதல்

ஒலிபெருக்கியின்மேல் ஏறிப் படுக்கும் பூனையை இசைப்பிரியர் என்று சொல்லிவிடுவது எளிது. பூனையின் உடலுக்கு இதமான சூழல் வெப்பம் 30 முதல் 38 டிகிரி செல்சியஸ். ஆம்பிளிஃபயரும் செட்டாப் பெட்டியும் தரும் சூடு அதற்குப் போதுமான காரணம். ஒலியை நிறுத்திச் சூட்டை மட்டும் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம்பத்தக்க அறிகுறிகள் உடலெங்கும் பரவியிருப்பவை. காதுகள் முன்னோக்கி நிமிர்ந்தோ தளர்ந்தோ இருத்தல், கண்களை மெல்ல மூடித் திறத்தல், உடலுக்கடியில் கால்களை மடக்கி உட்காருதல், முன்கால்களால் மெத்தையைப் பிசைதல், ஒலி வரும் இடத்தில் கன்னத்தை உரசுதல் ஆகியவை இணக்கத்தைக் காட்டும். காது பக்கவாட்டில் தட்டையாதல், வாலை அடித்தல், முதுகுத்தோல் துடித்தல், கண்மணி விரிதல், உடலைத் தாழ்த்தி நடத்தல் ஆகியவை ஒலியை நிறுத்தச் சொல்லும். அசையாமல் கிடப்பதை அமைதி என்று எண்ணிவிடும் தவறே அடிக்கடி நிகழ்வது. அஞ்சிய பூனை பல வேளை ஓடாது; உறைந்துபோய்க் கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலான சோதனை கதவு. கதவைத் திறந்து வைத்து இசையை ஒலிக்கவிட்டால், பூனை இருக்கிறதா போகிறதா என்பதைவிடத் தெளிவான பதில் கிடையாது. கதவை மூடிவிட்டு அதன் ரசனையைப் பற்றி நாம் எதுவும் சொல்ல முடியாது.

தீங்கு செய்யும் ஒலிகள்

முதிய பூனைகள் சிலவற்றுக்குக் குறிப்பிட்ட ஒலிகள் வலிப்பை உண்டாக்குகின்றன. பிரிட்டனில் பூனை நல அமைப்பு ஒன்றுக்கு வளர்ப்பவர்கள் எழுதிய முறையீடுகளிலிருந்து இது வெளிச்சத்துக்கு வந்தது. மார்க் லோரியும் உடனாய்வாளர்களும் 96 பூனைகளின் விவரங்களைத் திரட்டி 2015-இல் வெளியிட்டார்கள். தொடங்கும் வயது சராசரியாக 15. பர்மன் என்னும் வெண்பாத இனம் கூடுதலாகக் காணப்பட்டது. வலிப்பைத் தூண்டிய ஒலிகள் அன்றாடமானவை: அலுமினியத் தாளைக் கசக்குவது, பீங்கான் கிண்ணத்தில் உலோகக் கரண்டி மோதுவது, கண்ணாடிக் குவளைகள் உரசுவது, பிளாஸ்டிக் பை சலசலப்பது, சாவிக்கொத்து குலுங்குவது. எல்லாம் மேல்சுருதி ஒலிகள். இந்தப் பூனைகளுள் பலவற்றுக்குச் செவித்திறன் குறைந்திருந்ததாகவே வளர்ப்பவர்கள் நினைத்திருந்தார்கள். மேல்சுருதிக் கேள்வி எஞ்சியிருந்தது போலும். உரப்பு கூடினால் வலிப்பும் கடுமையானது. ஒலியைத் தவிர்ப்பதும் லெவெடிராசிட்டம் என்னும் மருந்தும் பயன்தந்தன. எவர்சில்வர் பாத்திரங்கள் நிறைந்த நம் சமையலறைகளில், கரண்டி ஓசைக்கு முதிய பூனை துள்ளினாலோ கால்கள் இழுத்தாலோ அதைக் கிழட்டுத்தனம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

மின்செருகியில் மாட்டும் எலி விரட்டிகள் இன்னொரு வகை. அவை எழுப்பும் மேலொலி மனிதருக்குக் கேட்பதில்லை, ஆகவே அதை ஒலி என்றே நாம் கருதுவதில்லை. எலிக்குக் கேட்கவேண்டும் என்று தேர்ந்தெடுத்த அலைவெண் பூனையின் செவிக்குள்ளும் முழுதாக அடங்குகிறது. பூனை ஓர் அறைக்குள் போக மறுத்தால் சுவரில் அத்தகைய கருவி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

தீபாவளி வெடிச்சத்தத்தை இசையால் மூடிவிடலாம் என்று எண்ணி ஒலியைக் கூட்டுவது இரட்டைச் சுமை. உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, அலமாரியின் அடித்தட்டிலோ அட்டைப்பெட்டியிலோ ஒளிந்துகொள்ள இடம் கொடுத்து, மின்விசிறி போன்ற சீரான ஒலியை மெல்ல ஓடவிடுவது அதனினும் பயன் தரும்.

வீட்டில் இசை வைக்கும் முறை

உரப்பு முதலில் வரும். எந்தப் பாடல் என்பது அதற்குப் பிறகுதான். இருவர் மெதுவாகப் பேசும் அளவுக்குமேல் பூனைக்கான இசை தேவையில்லை. ஒலிபெருக்கியைப் பூனை தூங்கும் இடத்துக்கும் சாப்பிடும் இடத்துக்கும் மணல்தட்டுக்கும் அருகில் வைக்கக் கூடாது. அவற்றை விட்டு விலக அதற்கு வழியில்லை. புதிய இசையை மருத்துவமனைக்குப் புறப்படும் நாளில் முதன்முறையாக வைத்தால் அது கூடையோடும் ஊசியோடும் சேர்ந்து பதிந்துவிடும். சாதாரண நாட்களில், வளர்ப்பவர் அருகில் இருக்கும்போது, சில நிமிடம் வைத்துப் பழக்கியபின் பயணத்தில் பயன்படுத்தலாம்.

ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுவதிலும் பொருளில்லை. ஸ்காட்லாந்தின் நாய்க் காப்பகங்களில் நடந்த ஆய்வுகளில் செவ்வியல் இசையின் அமைதிப்படுத்தும் விளைவு ஒரு வாரத்துக்குள் மங்கியது. வகைகளை மாற்றி வைத்தபோது பயன் நீடித்தது. பூனைக்கும் அவ்வாறே இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். நாளெல்லாம் ஆளில்லாத வீட்டில் வானொலியை ஓடவிட்டுச் செல்லும் வழக்கத்தைவிட, ஜன்னலோரத்தில் ஏறி உட்கார ஒரு பலகை அமைப்பது பூனைக்கு அதிகம் தரும்: அங்கே அணிலும் குருவியும் இருக்கின்றன, அவற்றின் ஒலியில் மேல்சுருதி வெட்டப்படவில்லை.

மனித இசையில் பூனை

எதிர்த்திசையில் நிகழ்ந்தவை ஏராளம். இங்கே சிலவே போதும். டொமெனிகோ ஸ்கார்லாட்டி 1738-இல் வெளியிட்ட முப்பது விசைப்பலகைத் துண்டுகளில் கடைசியானது பூனை ஃபியூக் என்று அழைக்கப்படுகிறது. பூனை விசைகளில் நடந்த ஒலியிலிருந்து பிறந்தது என்ற கதையும் அந்தப் பெயரும் பின்னாளில் ஒட்டிக்கொண்டவை. புரோகோஃபியெவ் 1936-இல் குழந்தைகளுக்காக இயற்றிய பீட்டரும் ஓநாயும் என்ற படைப்பில் பூனையாக வருவது கிளாரினெட். 1997-இல் அமெரிக்க இசையமைப்பாளர் மோரிஸ் மோஷே கோட்டலின் பூனை கெட்சல் பியானோவில் இறங்கி நடந்ததை அவர் அப்படியே எழுதி ஒரு போட்டிக்கு அனுப்ப, அது சிறப்புக் குறிப்பைப் பெற்றது. பிலடெல்ஃபியாவில் பியானோ ஆசிரியை ஒருவரின் வீட்டில் வளர்ந்த நோரா என்ற பூனை தானே இருக்கையில் ஏறி விசைகளை அழுத்தும் காணொளி 2007-இல் பரவியது; லிதுவேனிய இசையமைப்பாளர் மின்டாவ்காஸ் பியேசைடிஸ் அந்தப் பதிவுகளைச் சுற்றி ஒரு சிற்றிசைக்குழுப் படைப்பை எழுதி 2009-இல் அரங்கேற்றினார். நோரா அழுத்தியது ஒலிக்காகவா, மாணவர்களுக்குக் கிடைத்த கவனம் தனக்கும் வேண்டும் என்றா என்பதைப் பூனையிடம்தான் கேட்கவேண்டும்.

செவியற்ற பூனைகள்

வெண்ணிற மயிரும் இரு நீலக் கண்களும் உடைய பூனைகளில் பெரும்பாலானவை பிறவியிலேயே செவிடு. 1971-இல் வெளியான ஓர் ஆய்வு இதை 65 முதல் 85 விழுக்காடு என்று மதிப்பிட்டது. டார்வினும் தம் 1859 நூலில் இத்தொடர்பைச் சுட்டியிருக்கிறார். ஒரு கண் மட்டும் நீலமாயின் வாய்ப்பு குறைகிறது. வயதாலும் காதுநோயாலும் கேள்வி இழந்த பூனைகள் வேறு. இவற்றுக்கு இசை காதின் வழியே எட்டாது, அதிர்வு எட்டும். பாதத்தின் அடிப்பகுதியும் மீசையும் நுண்ணிய அசைவுகளை உணர்பவை. ஆழ்ந்த ஒலி எழுப்பும் பெட்டியைப் பூனையின் இருக்கையை விட்டுத் தள்ளி வைப்பது அதனால் செவிட்டுப் பூனைக்கும் தேவை. தரையில் மெல்லத் தட்டி வருகையை அறிவிப்பது, விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றிக் கூப்பிடுவது ஆகியவற்றை இவை விரைவில் கற்றுக்கொள்கின்றன. வளர்ப்பவரின் மார்பின்மேல் படுத்திருக்கும்போது அவர் தாழ்ந்த குரலில் பாடினால் அதன் அதிர்வையும் உடலால் பெறுகின்றன.